ஸ்கேன் அறை: 12 நிமிடத்தில் முடிந்தது நல்ல ஸ்கேனா?

(வாசகர் கேள்வி–பதில். பதில் சொல்பவர் சேலத்தில் பணியாற்றும் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன்.)

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நேரத்தைப் பற்றியவை. ஏன் இவ்வளவு நேரம் என்று பாதிப் பேர், ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று மீதிப் பேர். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் படம் எடுப்பவள். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட், வைத்தியம் பார்ப்பது உங்கள் டாக்டர். "இதற்கு ஆபரேஷன் தேவையா?" என்று கேட்டு ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: போன வருஷம் வலது முழங்காலுக்கு ஒரு சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுத்தேன், 40 நிமிடம் ஆனது. இந்த வருஷம் இடது காலுக்கு வேறு இடத்தில் எடுத்தேன். 12 நிமிடத்தில் எழுந்து போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு இடத்திலும் வாங்கிய பணம் ஒன்றுதான். ஏமாற்றிவிட்டார்களா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓமலூர்

பதில்: டீச்சர், கடிகாரத்தை மட்டும் பார்த்து அப்படிச் சொல்லிவிட முடியாது. 12 நிமிடத்தில் அருமையான முழங்கால் படம் எடுக்கலாம். 40 நிமிடம் படுக்கவைத்து ஒன்றுக்கும் உதவாத படமும் எடுக்கலாம்.

உடம்பில் உள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கிற ஹைட்ரஜன் அணுக்கள் காந்தத்துக்குள் மிக மெல்லிய ரேடியோ சிக்னல் தருகின்றன. உங்கள் முழங்காலைச் சுற்றிப் பூட்டினார்களே ஒரு கூடு, அதை நாங்கள் காயில் என்போம். அந்த சிக்னலைப் பிடிப்பது அதுதான். படத்தைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் எவ்வளவு சிக்னல் வருகிறது என்று கணக்கிட்டு வெளிச்சம், இருட்டாகக் காட்டுகிறோம். முழங்காலுக்கு வழக்கமாக ஒரு பெட்டியின் நீள அகலம் அரை மி.மீ. அளவில் இருக்கும், தடிமன் 3 மி.மீ. பெட்டியைச் சின்னதாக்கினால் படம் கூர்மையாகும். ஆனால் சின்னப் பெட்டிக்குள் ஹைட்ரஜனும் கம்மி, வருகிற சிக்னலும் கம்மி. சிக்னல் குறைந்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும்.

அதை ஈடுகட்ட ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி போடலாம். இங்கேதான் கணக்கு இடிக்கும். 4 முறை எடுத்தால் இரைச்சலுக்கு எதிரே சிக்னலின் பலம் 4 மடங்கு கூடாது, 2 மடங்குதான் கூடும். 4 மி.மீ. ஸ்லைஸை, அதாவது ஒரு படத்துக்குரிய துண்டின் தடிமனை, 2 மி.மீ. ஆக்கினால் சிக்னல் பாதியாகிவிடும். பழைய அளவுக்குக் கொண்டுவர 4 மடங்கு நேரம் வேண்டும். 3 நிமிட சீக்வென்ஸ் (ஒரே ஓட்டத்தில் எடுக்கும் ஒரு வகைப் படத் தொகுதி) 12 நிமிடம் ஆகிவிடும். போதாததற்கு, அதே முழங்காலை முழுதாக அடக்க இரண்டு மடங்கு ஸ்லைஸும் வேண்டும். சரி, 12 நிமிடம் காலை அசைக்காமல் யார் வைத்திருப்பார்கள்? அரை மி.மீ. பெட்டியில் படம் எடுக்கும்போது முழங்கால் 1 மி.மீ. நகர்ந்தாலே, கூர்மைக்காகச் செலவழித்த நேரம் அத்தனையும் தண்டம்.

முழங்காலுக்குப் பக்கவாட்டில், முன்னாலிருந்து, குறுக்காக என்று மூன்று திசைகளில் சுமார் ஐந்து சீக்வென்ஸ் எடுப்போம். அவற்றில் சிலவற்றில் கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி, நீர் கோத்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும்படி செய்வோம். புது மெஷினும் முழங்காலுக்கென்றே செய்த நல்ல காயிலும் இருந்தால் ஒவ்வொன்றும் 2 முதல் 3 நிமிடம். ஆக 12 நிமிடம் நியாயமான கணக்குதான். உங்களுடைய பழைய 40 நிமிடத்தில் எத்தனை நிமிடம் படத்துக்கு, எத்தனை நிமிடம் நீங்கள் காலை அசைத்ததால் மறுபடி எடுத்ததற்கு என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

எப்போது சந்தேகப்படலாம்? மூன்று திசை எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்தியிருந்தால். முழங்காலுக்கு 5 மி.மீ. ஸ்லைஸ் போட்டிருந்தால். ஜவ்வில் உள்ள சின்னக் கிழிசலும் பக்கத்தில் உள்ள நல்ல பகுதியும் அந்தத் தடித்த பெட்டிக்குள் கலந்து, வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும், கிழிசலே காணாமல் போய்விடும். அப்புறம், படுக்கவைத்த விதம். காயிலைப் பூட்டுவதற்கு முன் முழங்கால் சில்லு நடுக்கோட்டுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் செருக வேண்டும், கணுக்கால் உருளாமல் இருக்க மணல் மூட்டை வைக்க வேண்டும். இதில் நேரத்தை மிச்சம் பிடிக்கிற இடத்தில்தான் ஆடிப்போன படங்கள் வரும். உங்களுக்கு இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு 12 நிமிடத்தில் எழுப்பியிருந்தால், அந்தப் பையனுக்கு வேலை தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: செல்போனில் நொடியில் போட்டோ விழுகிறது. கோடிக்கணக்கில் விலை போட்டு வாங்கிய மெஷினுக்கு எதற்கு அரை மணி? சத்தம் வேறு எங்கள் தறிக்கொட்டகையைவிட மோசம்.
— விசைத்தறி உரிமையாளர், அம்மாபேட்டை

பதில்: இதற்குப் பதில் உங்கள் கொட்டகையிலேயே இருக்கிறது. பாவு ஏற்றியான பிறகு, அதில் எத்தனை இழை இருந்தாலும் தறி ஓடுகிற நேரம் மாறுவதில்லை. நேரத்தைத் தின்பது ஊடைதான். நாடா ஒருமுறை ஓடினால் ஒரு ஊடை. அங்குலத்துக்கு ஊடையைக் கூட்டினால் துணி நெருக்கமாக வரும், ஆனால் அதே நீளம் நெய்ய நேரம் கூடும். எம்.ஆர்.ஐ. படத்திலும் அப்படித்தான். ஒரு திசையில் புள்ளிகளைக் கூட்டினால் நேரம் பெரிதாக ஏறாது. இன்னொரு திசையில் ஒவ்வொரு வரிக்கும் தனியாக ஒரு ரேடியோ துடிப்பு கொடுக்க வேண்டும், தனியாகக் காத்திருக்க வேண்டும். 256 வரி, வரிக்கு 3 விநாடி என்றால் 768 விநாடி. அதாவது 12 நிமிடம் 48 விநாடி, அதுவும் ஒரே ஒரு சீக்வென்ஸுக்கு.

எதற்குக் காத்திருப்பது? ஒருமுறை கிளப்பிவிட்ட ஹைட்ரஜன் அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மூளையைச் சுற்றியுள்ள நீருக்கு அதற்குச் சில விநாடிகள் பிடிக்கும். எவ்வளவு விலை கொடுத்து மெஷின் வாங்கினாலும் அணுவை அவசரப்படுத்த முடியாது.

ஆனால் குறுக்கு வழி உண்டு. 1986-இல் ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்து யூர்கன் ஹென்னிக்கும் அவருடன் இருந்தவர்களும் ஒரு காத்திருப்புக்கு ஒரு வரி என்பதை மாற்றி, ஒரே காத்திருப்பில் பல வரிகளைச் சேகரிக்கும் முறையைச் சொன்னார்கள். நாடா ஒருமுறை ஓடினால் 16 ஊடை விழுகிற மாதிரி. மேலே சொன்ன 12 நிமிடம் 48 விநாடி அப்போது 48 விநாடியாகச் சுருங்கிவிடும். இன்று முதுகு, முழங்கால், மூளை என்று நாங்கள் எடுக்கும் படங்களில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தவைதான். இதற்கும் விலை உண்டு. 16-ஆவது வரி வருவதற்குள் சிக்னல் மங்கத் தொடங்கிவிடும். ஆசைப்பட்டு இன்னும் நீட்டினால் விளிம்புகள் குழைந்துவிடும். அடுத்த குறுக்கு வழி, பல காயில்களை ஒரே சமயத்தில் கேட்கவைத்து, பாதி வரிகளை எடுக்காமலேயே விட்டுவிட்டு, விட்டதைக் கணக்குப் போட்டு நிரப்புவது. சூரிச்சில் 1999-இல் வந்த 'சென்ஸ்' முறை இந்த வகை. நேரம் பாதியாகும், சிக்னலின் பலம் குறைந்தது 30 சதவீதம் போய்விடும்.

தறிக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம். உங்களிடம் ஓர் ஊடை பிசகினால் துணியில் அந்த இடத்தில்தான் குறை. எங்களிடம் ஒவ்வொரு வரியும் படம் முழுமைக்கும் சேதி சுமந்து வருகிறது. நடுவில் ஒருமுறை இருமினால் அந்த இருமல் படம் முழுக்க நிழல் நிழலாகப் பரவிவிடும். கழுத்து ஸ்கேனில் எச்சில் விழுங்கினாலே போதும். சத்தம் நிற்கிற இடைவெளியில் விழுங்குங்கள் என்று அதனால்தான் சொல்கிறோம்.

சத்தத்துக்குக் காரணம், காந்தத்துக்குள் இருந்து காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் கிரேடியன்ட் காயில்கள். அவற்றில் மின்சாரம் படபடவென்று மாறும்போது அவை அதிர்ந்து சுற்றியிருப்பதையும் அதிரவைக்கின்றன. வேகமாக எடுக்கும் சீக்வென்ஸ்களில் சத்தம் பெரும்பாலும் இன்னும் மோசம். காதடைப்பு கொடுத்தால் "பரவாயில்லைங்க, எனக்குப் பழக்கம்தான்" என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். தறிக்காரர்கள் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள்.

அரை மணி அதிகம் என்று தோன்றினால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1977 ஜூலை 3-ஆம் தேதி அமெரிக்காவில் ரேமண்ட் டமாடியன் குழு முதன்முதலில் ஒரு மனிதரின் மார்பை இப்படிப் படம் எடுத்தபோது, ஒரே ஒரு குறுக்குவெட்டுக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆனது. உள்ளே உட்கார்ந்திருந்தவர் அந்தக் குழுவைச் சேர்ந்தவரே. வெளியாள் என்றால் பாதியில் ஓடியிருப்பார்.

கேள்வி: ஒரு சென்டர் ஃபிலிமின் ஓரத்தில் 512 என்று இருக்கிறது, இன்னொன்றில் 256. 512 தானே ஒசத்தி?
— லாரி உரிமையாளர், சங்ககிரி

பதில்: கட்டாயம் இல்லை. 256 வரி எடுத்துவிட்டு, இடையில் கம்ப்யூட்டரை விட்டுப் புள்ளிகளை நிரப்பி 512 ஆகக் காட்டலாம். படம் வழவழவென்று தெரியும், ஆனால் புதிதாக ஒரு விவரமும் உள்ளே வந்திருக்காது. பார்ப்பதானால் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, எத்தனை மி.மீ. பரப்பு எடுத்தார்கள் என்பது. அதை உண்மையில் எடுத்த வரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பெட்டியின் அளவு வரும். 160 மி.மீ. பரப்பு, 320 வரி என்றால் அரை மி.மீ. மற்றொன்று ஸ்லைஸின் தடிமன். இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பரப்பைக் குறைத்தே கூர்மையாக்கலாமே என்று கேட்பீர்கள். ரொம்பக் குறைத்தால் வெளியே இருப்பது மறுபக்கம் மடிந்து வந்து விழும். தலை ஸ்கேனில் மூக்கு போய்ப் பின்மண்டையில் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 82 வயது. இடுப்பு வலி, கால் மரத்துப்போகிறது. மல்லாந்து பத்து நிமிடத்துக்கு மேல் படுக்க முடியவில்லை. பாதியிலேயே எழுந்துவிட்டார். எடுத்தவரைக்கும் வைத்து ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். அதை நம்பலாமா?
— மகன், ஆத்தூர்

பதில்: எது முதலில் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் வேலையின் சாமர்த்தியமே இங்கேதான் இருக்கிறது.

உங்கள் அப்பா மாதிரி ஒருவர் சக்கர நாற்காலியில் வரும்போதே, அவர் எவ்வளவு நேரம் தாங்குவார் என்று முகத்தைப் பார்த்துக் கணித்துவிடுவோம். வழக்கமான வரிசையை அங்கேயே தூக்கிப்போட்டுவிட வேண்டும். முதலில் எடுக்க வேண்டியது முதுகெலும்பின் பக்கவாட்டு டி2 படம் (நீர் பளிச்சென்று தெரியும் வகை). 4 மி.மீ. ஸ்லைஸ், 2 முதல் 3 நிமிடம். டிஸ்க் எங்கே பிதுங்கியிருக்கிறது, நரம்பு போகும் பாதை எங்கே நெருக்கப்படுகிறது, எலும்பு எங்கே நொறுங்கியிருக்கிறது என்பதில் பெரும்பகுதி இந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும். அடுத்தது கொழுப்பை அடக்கிய படம். எலும்புக்குள் கிருமியோ கட்டியோ புது முறிவோ இருந்தால் அதில்தான் வெள்ளையாகத் தெரியும். முதுகெலும்பில் டி.பி. நம் பக்கத்தில் அபூர்வம் இல்லை, அதனால் இதை நான் விடமாட்டேன். அதற்குப் பிறகு டி1 (கொழுப்பு பளிச்சென்றும் நீர் இருட்டாகவும் தெரியும் வகை), கடைசியாகச் சந்தேகப்படும் டிஸ்க்குகளுக்கு மட்டும் குறுக்குவெட்டு. இந்த வரிசையில் போனால் அவர் எந்த இடத்தில் எழுந்தாலும் கையில் உபயோகமான ஒன்று இருக்கும்.

கூடவே ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். 384 வரி எடுப்பதை 256 ஆக்குவேன், இரண்டு சராசரியை ஒன்றாக்குவேன். 5 நிமிடம் பிடிக்கும் படம் 2 நிமிடத்துக்குள் வந்துவிடும். ஓரங்கள் அவ்வளவு கூர்மையாக இருக்காது, இரைச்சலும் கொஞ்சம் தெரியும். பரவாயில்லை. டாக்டர் கேட்டது நரம்பு நசுங்குகிறதா இல்லையா என்பதுதான், கண்காட்சிக்கு வைக்கிற படம் அவருக்குத் தேவையில்லை. உச்சபட்ச கூர்மைக்கு ஆசைப்பட்டு 5 நிமிட சீக்வென்ஸைப் போட்டு, நாலாவது நிமிடத்தில் பெரியவர் புரண்டால் கையில் எதுவும் மிஞ்சாது.

உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் எந்தெந்தப் படம் எடுக்கப்பட்டது என்று ஆரம்பத்தில் ஒரு வரி இருக்கும். பக்கவாட்டு டி2 ஆடாமல் வந்திருந்தால் அந்த அளவுக்கு நம்பலாம். மறுபடி எடுக்க வேண்டி வந்தால் முழங்காலுக்கு அடியில் உயரமான தலையணை கேளுங்கள், இடுப்பு தளர்ந்து பாதி வலி குறையும். தலையை முதலில் உள்ளே விடாமல் காலை முதலில் விட்டும் எடுக்கலாம். வருவதற்கு முன் வலி மாத்திரை போடலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். முழுக் கட்டணம் வாங்கியது சரியா என்றும் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். அது என் மேஜைக்கு வராத விஷயம். கவுன்டரில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: என் பையனுக்கு 4 வயது. இரண்டு முறை ஃபிட்ஸ் வந்தது. மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்கிறார்கள், பயமாக இருக்கிறது. தெளிவு கம்மியாக இருந்தாலும் பரவாயில்லை என்று மயக்கம் இல்லாமல் சீக்கிரமாக எடுக்க முடியாதா?
— ஒரு தாய், ஏற்காடு

பதில்: அம்மா, மேலே ஆத்தூர்க்காரருக்குச் சொன்னதற்கு நேர் எதிராக உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே தெளிவில் விட்டுக்கொடுக்க முடியாது.

வலிப்புக்குக் காரணம் சில சமயம் மூளையின் மேற்பரப்பில் மிகச் சிறிய இடத்தில் இருக்கும். அந்த இடத்தில் மேலடுக்கு கொஞ்சம் தடித்திருக்கும், உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியோடு சேரும் கோடு கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். 5 மி.மீ. ஸ்லைஸில் அது தப்பிவிடும். வலிப்பு நோய்க்கான சர்வதேச மருத்துவ அமைப்பின் சார்பில் 2019-இல் வந்த பரிந்துரையே, எந்தப் பக்கமும் 1 மி.மீ. உள்ள பெட்டிகளாக மூளை முழுவதையும் எடுக்கச் சொல்கிறது. ஞாபகசக்திக்கான ஹிப்போகாம்பஸ் பகுதிக்குக் குறுக்கே தனியாக மெல்லிய ஸ்லைஸ்களும் வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றும் பல நிமிடம் ஓடும். 4 வயதுப் பிள்ளை அந்தச் சத்தத்தில் அவ்வளவு நேரம் அசையாமல் படுக்குமா? அவசர அவசரமாக எடுத்து "நார்மல்" என்று வந்துவிட்டால், நீங்களும் டாக்டரும் அந்த வார்த்தையை நம்பிவிடுவீர்கள் என்பதுதான் என் பயம்.

மயக்கம் இல்லாமல் எடுக்கக்கூடிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூளையில் நீர் கோத்து டியூப் வைத்த குழந்தைக்கு, நீர் அறைகள் பெருத்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். ஒரு ஸ்லைஸ் ஒரு விநாடிக்குள் முடிகிற வேக சீக்வென்ஸ் அதற்கு உண்டு, பிள்ளை அழுதுகொண்டே இருந்தாலும் ஒரு மாதிரி எடுத்துவிடலாம். உங்கள் பையனுக்குத் தேட வேண்டியது வேறு.

மயக்க மருத்துவர் அறையிலேயே இருப்பார், மூச்சும் ஆக்சிஜனும் நிமிடத்துக்கு நிமிடம் கவனிக்கப்படும். பால் எப்போது நிறுத்த வேண்டும், தண்ணீர் எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்கிற மணிக்கணக்கை மீறாதீர்கள். "பசிக்குதே" என்று பாட்டி ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் அன்றைக்கு ஸ்கேன் கிடையாது. 20 ஹேர்பின் வளைவையும் வெறும் வயிற்றோடு விடியற்காலையில் இறங்கி வருவதைவிட, முதல் நாளே சேலத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டுக் காலை முதல் ஆளாக வாருங்கள்.

கேள்வி: மாமனாருக்குத் திடீரென்று கை விளங்காமல் போய்விட்டது. சேலத்துக்குக் கொண்டுவந்தோம். உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்திலேயே பக்கவாதம் என்று சொல்லி ஊசி போட்டார்கள். அந்தப் படத்தைப் பின்னால் பார்த்தால் மங்கலாக, கட்டம் கட்டமாக இருக்கிறது. அதை நம்பியா ஊசி போட்டார்கள்?
— மருமகள், மேட்டூர்

பதில்: அதை நம்பித்தான் போட்டிருப்பார்கள், போட்டதும் நல்லது. அது டிஃப்யூஷன் படம். மூளையில் நீர் மூலக்கூறுகள் நகர முடியாமல் தடைபட்ட இடத்தை அது பளிச்சென்று காட்டும். ரத்தம் நின்ற சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும், சி.டி.யில் அப்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பெட்டி ஒவ்வொன்றும் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, ஸ்லைஸ் 5 மி.மீ., முழு மூளைக்கும் ஒன்றிரண்டு நிமிடம். பீட்டர் மான்ஸ்ஃபீல்ட் 1977-இல் சொன்ன அதிவேக முறை இதற்கு அடிப்படை. 2003-இல் பால் லாட்டர்பரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மேட்டூரிலிருந்து வருவதிலேயே அதில் ஒரு பங்கு போயிருக்கும். அந்த நேரத்தில் அழகான படத்துக்காக 20 நிமிடம் செலவழித்திருந்தால்தான் நீங்கள் கோபப்பட வேண்டும்.

கேள்வி: எனக்கு இடுப்பு எலும்பில் பிளேட் வைத்திருக்கிறது. 1.5 டெஸ்லாவைவிட 3 டெஸ்லா ரெண்டு மடங்கு பவர் என்கிறார்கள். பணம் கூட ஆனாலும் அங்கேயே எடுக்கட்டுமா?
— கொண்டலாம்பட்டி வாசகர்

பதில்: வேண்டாம், அவசரப்படாதீர்கள். டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு. 3 டெஸ்லாவில் சிக்னல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது நிஜம். அந்த லாபத்தை ஸ்லைஸை மெல்லியதாக்கச் செலவழிக்கலாம், அல்லது நேரத்தைக் குறைக்கச் செலவழிக்கலாம். மூளை, மூட்டு, சின்ன நரம்புகளுக்கு அருமையான மெஷின். ஆனால் உலோகத்தைச் சுற்றிப் படம் வளைந்து கருப்பாக ஓட்டை விழுவதும் அதில் கூடும், உடம்பில் ஏறும் ரேடியோ சூடும் அதே சீக்வென்ஸுக்கு 4 மடங்கு வரை போகும். பிளேட்டுக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் 1.5 தான் பெரும்பாலும் நல்லது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் பிளேட்டின் விவரம் எழுதிய சீட்டு இருந்தால் எடுத்துவாருங்கள். டைட்டானியமா, ஸ்டீலா, எந்த டெஸ்லா வரை அனுமதி என்று அதில்தான் தெரியும்.

கேள்வி: ஏ.ஐ. வைத்து ஸ்கேன் நேரத்தைப் பாதியாக்கும் மெஷின்கள் வந்துவிட்டனவாமே. எடுக்காததை அது கற்பனை செய்து வரைந்துவிடாதா?
— பொறியியல் கல்லூரி மாணவர், சேலம்

பதில்: நல்ல சந்தேகம். குறைவாக எடுத்து மீதியைக் கணக்கால் நிரப்புவது புதிதல்ல. மேலே சொன்ன சென்ஸ் அதுதான். 2007-இல் மைக்கேல் லஸ்டிக் குழு, வரிகளைச் சீராக இல்லாமல் தாறுமாறாகத் தேர்ந்தெடுத்து விட்டுவிட்டால் இன்னும் குறைவாக எடுத்தும் மீட்கலாம் என்று காட்டியது. ஏ.ஐ. அடுத்த படி. 2018-இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவத் துறையும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து 'ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ.' என்று தொடங்கி, மெஷினிலிருந்து வரும் மூலத் தரவுகளை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். வேண்டுமானால் நீங்களே இறக்கிப் பார்க்கலாம். 2020-இல் அவர்கள் முழங்கால் படங்களை வைத்துச் செய்த ஆய்வில், ஏ.ஐ. மீட்ட படத்தை வழக்கமான படத்துக்குப் பதிலாக வைத்துக்கொண்டாலும் டாக்டர்களின் முடிவு மாறவில்லை என்று வந்தது. அதே வருஷம் மூளைப் படங்களுக்கு நடத்திய போட்டியில், தரவை ரொம்பக் குறைத்தபோது சில நிரல்கள் இல்லாததை வரைந்ததையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

என் கருத்து: இரைச்சலைத் துடைக்க ஏ.ஐ.யை விடுங்கள், மனசார வரவேற்கிறேன். அதைக் காட்டி வரிகளைக் கண்டபடி குறைக்கிறார்கள் என்றால் எனக்குச் சந்தேகம் வரும். ஏ.ஐ. படம் வழவழவென்று அழகாக இருக்கும். பழைய படத்தில் இரைச்சலைப் பார்த்தாவது "இது சரியில்லை, மறுபடி எடு" என்று தெரியும். இதில் அந்த எச்சரிக்கை வராது. ஆகவே சந்தேகமான இடத்தில் இன்னொரு திசையில் ஒரு படம் கூடுதலாக எடுத்து ஒத்துப்பார்ப்பேன். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

கேள்வி: தாலி, மெட்டி எல்லாம் கழற்றியே ஆக வேண்டுமா? வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை.
— செவ்வாய்பேட்டை வாசகி

பதில்: சுத்தத் தங்கத்தையும் வெள்ளியையும் காந்தம் இழுக்காது. ஆனால் சூடாகலாம், அந்த இடத்தில் படமும் கெடலாம், வெள்ளி என்று வாங்கியது முழு வெள்ளிதானா என்று எனக்குத் தெரியாது. கழற்றிவிட்டால் நல்லது. தாலிக்கு மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. மெட்டி வரவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் வைத்திருக்கிறோம். தாலிக் கயிற்றில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை மட்டும் வீட்டிலேயே எடுத்துவிட்டு வாருங்கள். அவை இரும்பு. மார்பு, கழுத்துப் படங்களில் நாங்கள் பார்க்கும் கருப்பு ஓட்டைகளில் பல அவற்றால் வருபவைதான்.